தினமும் கேட்க வேண்டும்

நல்லூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். இருவர் தோளிலும் பனியன் கம்பெனிப் பஞ்சு ஒட்டியிருந்தது. தொழிற்சங்க வகுப்பில் கேட்டு வந்ததை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பொதுவுடைமை வந்துட்டா சோறு பொதுவுல ஆக்கிருவாங்க. கொழந்தைகள எல்லாருமாப் பாத்துக்குவாங்க. ஊடும் ஆளாளுக்குக் கெடைக்கும்.”

“அப்பறம் எனக்கு நீங்க எதுக்குங்க?”

அவர் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“புடிச்சவங்கதான் சேந்திருப்பாங்களாமா. பொம்பளைக்குப் பொம்பளையவே புடிச்சாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்களாமா.”

“எங்க கம்பெனி செக்கிங் டேபிள்ல ரெண்டு புள்ளைங்க அப்படி இருக்குதுங்க. அதுங்களும் பயமில்லாம இருக்கலாமுங்களா?”

“இருக்கலாமாமா.”

அந்த அம்மாவின் குரல் இறங்கியது. “பக்கத்துல வந்து படுக்கறதுக்கு?”

“கேக்கோணும்.”

“தெனமுங்களா?”

“தெனமும்.”

“வேண்டாம்னுட்டா?”

“திரும்பிப் படுத்துக்கோணும்.”

அந்த அம்மா கண்ணை விரித்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். வெளியே வழக்கமான டிராபிக்தான்.

“கல்யாணத்தப்பக்கூட எங்கப்பாவத்தான கேட்டீங்க” என்றார், கோபமே இல்லாமல்.

நல்லூரில் இறங்கியதும் அந்த மனிதர் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டார். பஸ் இன்னும் கிளம்பவில்லை, எனக்கு நன்றாகவே கேட்டது.

“புள்ள, எங்கூட இருக்கறயா?”

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு டிபன் பையை அவர் கையில் கொடுத்தார்.

“யோசிச்சுச் சொல்றனுங்க.”