ஒன்பது பிக்சலில் ஒரு புள்ளி

திரையில் எழுத்து வைப்பது லேசான வேலை இல்லை, சார். எழுத்தின் ஓரங்களை மென்மையாக்க ஐந்து அமைப்புகள் உண்டு. முதலாவதில் மென்மையே கிடையாது. ஓரமெல்லாம் ரம்பப் பல். கடைசி 'ஸ்மூத்'. அதில் எழுத்து வெண்ணெய் மாதிரி இருக்கும். ரசனை உள்ளவன் எதை எடுப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மருந்துக் கம்பெனியின் இணையதளத்துக்காக, குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கு அளவு அட்டவணை செய்தேன். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து, ஒன்பது பிக்சல். ஸ்மூத்தில் வைத்தேன். எங்கள் ஆபீசில் பிழை பார்க்க ஒரு அம்மாள் உண்டு. நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அழகு கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜென்மம். அது வந்து என் திரையில் விரலை வைத்தது.

"தம்பி, ரெண்டரைல புள்ளி கரைஞ்சு போச்சு. இருபத்தஞ்சுன்னு தெரியுது. சின்ன எழுத்துக்கு ஸ்மூத் வேணாம்ப்பா, எடுத்துடு."

பார்த்தேன். அது சொன்னது சரிதான். புள்ளி இருந்த இடத்தில் ஒரு மங்கல்கூட இல்லை. அதற்காக, பதினைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது பாடம் எடுப்பதா? "மாத்திடறேங்க" என்றேன். மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள். தம்பி செய்த பக்கம் என்று பெருமையாக அதையே திறந்து வைத்திருந்தாள்.

"டேய், பிள்ளைக்கு உடம்பு அனலா கொதிக்குது. இருபத்தஞ்சு மில்லின்னு போட்டிருக்கே, இவ்வளவா குடுக்கணும்? நல்லா பாத்துச் சொல்லுடா."

எதிர் மேசையில் பூதக்கண்ணாடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புள்ளி என்று நான் சொல்லி அது கேட்க வேண்டுமா?

"போட்டிருக்கிறதுதான்க்கா. நான் செஞ்சதுல தப்பு வருமா?"

அக்கா நிம்மதியாகச் சிரித்துவிட்டு வைத்தாள்.

என் மருமகனுக்கு இரண்டு வயது. மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். எனக்கு வருத்தமே இல்லை என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். இரண்டு வேளை சாப்பிடவில்லை.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இப்போது அட்டவணையைப் பூதக்கண்ணாடி சொன்னபடி மாற்றியிருக்கிறார்கள், பாருங்கள். புள்ளி தெரிகிறது, இல்லை என்று சொல்லவில்லை. மற்றபடி ஓரமெல்லாம் பல் பல்லாக, கண்றாவி. அக்காவிடம்கூட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எது அழகு என்று கேட்டதற்கு அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை, சார்.