இரண்டாவது ஐந்து

அமெரிக்காவின் துலூத் நகர மருத்துவமனை ஒன்றின் செவிலியர் ஓய்வறையில், 2019 பிப்ரவரியில், ரூத் ஹௌகன் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டது. ரூத்துக்கு இதைச் சொன்னவர் அவருடன் வேலை செய்யும் டெனீஸ் நீமி. நோயாளி ஒருவரின் மரணம் தொடர்பாக டெனீஸின் பதினெட்டு வருடத் தொழில் உரிமத்தைப் பறிப்பதா என்று முடிவு செய்யும் விசாரணை மினியாபொலிஸில் நடந்தது. அறைக்கு வெளியே அவர் காத்திருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிய பேச்சு இது. இதை வேறு இருவர் சொல்லவும் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்ன வடிவங்களின் முடிவு வேறு.

இல்ல இல்ல, நீங்க பேசவே வேணாம். உங்க வக்கீல் சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. யாரு வந்து கேட்டாலும் வாயத் தெறக்காதீங்கன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. வெளிய இருக்கிற பனிக்கு அவரு காரை நிறுத்த இடம் தேடிக்கிட்டு இருப்பாரு. வர்ற வரைக்கும் நான் பேசுறேன், நீங்க சும்மா இருங்க. இந்தப் பை காலுல இடிக்குதா? கொஞ்சம் கனம்தான். இப்படித் தள்ளி வெச்சுக்கிறேன்.

பத்திரிகைக்காரி இல்லைங்க நான். மெடிக்கல் காலேஜ், கடைசி வருஷம். நாலு வருஷப் படிப்ப அஞ்சா இழுத்தவ. பரீட்சையில மார்க் கொறஞ்சுபோச்சு. அந்த மார்க்க வெச்சுக்கிட்டு சர்ஜரியில ரெசிடென்சிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டா எவனும் பேட்டிக்கே கூப்புட மாட்டான். எங்க டீன்தான் சொன்னாரு, ஒரு வருஷம் ஏதாவது கம்பெனியில வேல பாத்துட்டு வா, பெரிய டாக்டர் ஒருத்தர்கிட்ட நல்லதா ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கு, மார்க்க யாரும் பாக்கமாட்டாங்கன்னு. கூடப் படிச்சதுங்களுக்கு ஒரே சிரிப்பு. போடி, நீ திரும்பியே வரமாட்ட, அங்க மத்தியானச் சாப்பாட்ட உக்காந்து சாப்பிடலாமாம்னு.

நெசம்தான். உக்காந்துதான் சாப்பிட்டேன்.

என்ன கம்பெனின்னா... மருந்து ஏத்துற பம்ப்பு செய்யிறவங்க. ஆமா, உங்க கேஸுல இருக்கிற அதே பம்ப்புதான். ஏங்க, எந்திரிக்காதீங்க. தயவுசெஞ்சு. உள்ள கூப்புட இன்னும் பன்னண்டு நிமிஷம் இருக்கு. அவங்க அனுப்பி வரலைங்க நான். சத்தியமா.

உக்காந்ததுக்கு தேங்க்ஸ்.

அங்க என் வேலை என்னன்னா, ஆஸ்பத்திரியிலேந்து வர்ற புகாரப் படிக்கிறது. பாதி டாக்டர் இல்லையா நான், நோயாளி குறிப்பெல்லாம் படிக்கத் தெரியும்ல. படிச்சுட்டு மூணு கட்டத்துல ஒண்ணுல குறி போடணும். கருவிக் கோளாறு, பயன்படுத்தியவர் தவறு, தெரியவில்லை. மூணாவதப் போட்டா மேல கேள்வி வரும். அதனால யாரும் போட மாட்டாங்க. பம்ப்பு திரும்ப வந்ததும் சோதனை மேசையில வெப்பாங்க. ஒரு இரும்புக் கம்பி எறங்கி வந்து பட்டன நட்டநடுவுல நேரா அமுக்கும். ஆயிரம் தடவ. ஆயிரமும் பாஸ். அப்ப தப்பு யாரோடது? கையோடது.

நீங்க சொல்லுங்க... சரி, சொல்ல வேணாம். எந்த நர்ஸு பட்டன நட்டநடுவுல அமுக்குறா? ஒரு கையில ட்யூபு, கையுறையெல்லாம் ஈரம், கட்டைவிரல் ஓரத்தால ஒரு தட்டு. அவ்வளவுதானே?

மார்ச் மாசம் துலூத்திலேந்து ஒரு கோப்பு வந்துச்சு. எழுபத்திரண்டு வயசு ஆம்பள. மார்ஃபின் மணிக்கு அஞ்சு மில்லிகிராம்னு டாக்டர் எழுதியிருக்காரு. பம்ப்பு ஓடினது அம்பத்தஞ்சு. நர்ஸ் ஒரு தடவதான் அமுக்கினதா சொல்றாங்க. பயன்படுத்தியவர் தவறுன்னு குறி விழுந்து கோப்பு மூடியாச்சு.

தண்ணி குடிக்கிறீங்களா? சரி.

ஜூன்ல இன்னொண்ணு வந்துச்சு. வேற ஊரு, வேற நர்ஸு, அதே அஞ்சு, அதே அம்பத்தஞ்சு. பழசையெல்லாம் தோண்டினேன். மொத்தம் நாலு. எடுத்துக்கிட்டு கெல்லர்கிட்ட போனேன். டாக்டர் கெல்லர்தான் எனக்கு மேல, முன்னாடி பெரிய சர்ஜன். அவரு கடிதத்துக்குத்தான் நான் அங்க போனதே. சிரிச்சாரு. பாரும்மா, நாலு பேரும் பொய் சொல்லல, நாலு பேரும் அவசரப்பட்டிருக்காங்க. உனக்குக் கடிதம் வேணுமா, துப்பறியிற வேல வேணுமான்னாரு. கோபமே இல்லாம கேட்டாரு. அதுதாங்க பயம்.

கம்பெனியிலேந்து விலகுற அன்னிக்கு என் நோட்டுப் புத்தகத்த வாங்கிக்கிட்டாங்க. வெளிய பேசமாட்டேன்னு கையெழுத்தும் வாங்கினாங்க. ஊர்ல இருக்கிற பம்ப்பையெல்லாம் பறிச்சுக்க முடியாதுல்ல? இன்டர்நெட்ல பழசு விக்கிறாங்க, அதே மாடல். ஒண்ணு வரவழைச்சேன். சமையல்கட்டு மேசையில வெச்சு, கையுறைய நனைச்சுக்கிட்டு, கட்டைவிரல் ஓரத்தால முந்நூறு தடவ அமுக்கினேன். பத்தொம்பது தடவ ரெண்டு அஞ்சு விழுந்துச்சு. அந்த ரெண்டாவது அஞ்சு உடனே விழாதுங்க. விரல எடுக்கும்போது விழுது. அதுக்குள்ள உங்க கண்ணு நோயாளி முகத்துக்குப் போயிருக்கும், கை அடுத்த பட்டனுக்குப் போயிருக்கும். திரையப் பாக்கலையான்னு உள்ள கேப்பாங்க. பாத்தீங்க. நீங்க பாத்தப்ப அங்க ஒரு அஞ்சுதான் இருந்துச்சு.

அழாதீங்க. உள்ள போகணும்ல. இந்தாங்க, துடைச்சுக்குங்க.

ஆமா, இந்தப் பையில இருக்கிறது அதுதான்.

இல்லைங்க, கெல்லரோட சிபாரிசுக் கடிதம் இன்னும் போகல. வெள்ளிக்கிழமை கடைசி நாளு. கெல்லர் என்னைய உள்ள பாத்துட்டா அனுப்ப மாட்டாரு. கம்பெனி சார்பா அவருதானே பேச வந்திருக்காரு? நான் விண்ணப்பம் போட்ட ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் அவருக்கு ஒரு பழைய சேக்காளி இருக்காரு. காலைலேந்து ரெண்டு தடவ லிஃப்ட் வரைக்கும் போயி திரும்பி வந்தேன்.

அதோ உங்க வக்கீலு. தொப்பியெல்லாம் பனி. நல்ல மனுஷனாத் தெரியுறாரு. உங்க மடியில அந்த மூணாவது தாள எடுங்க, கம்பெனி அனுப்பினது. கீழ வலது மூலையில கே. எல்.னு ரெண்டு எழுத்து இருக்கும். அது யாருன்னு அவரு நாலு மாசமாக் கேட்டும் கம்பெனிக்காரங்க சொல்லலையாமே. என் பேரு காரின் லிண்டால்ங்க. நான்தான். மார்ச்ல அந்தக் குறியப் போட எனக்கு ஏழு நிமிஷம் ஆச்சு. போட்டுட்டு சாப்பிடப் போனேன்.

கூப்புடுறாங்க பாருங்க, உங்க பேருதான். எந்திரிங்க. பைய நான் தூக்கிட்டு வரேன்.

மருத்துவ மாணவர்களிடையே வழங்கும் வடிவில், பெயர் அழைக்கப்பட்டதும் காரின் லிண்டால் பையை நாற்காலியடியில் விட்டுவிட்டு லிஃப்டில் இறங்கிவிடுகிறாள். பம்ப் மட்டும் உள்ளே போகிறது. அவளுக்கு அறுவை சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைக்கிறது. கருவி நிறுவனமொன்றில் பழுதுபார்ப்பவர் சொன்ன வடிவில் அவள் உள்ளே போய், எல்லாரும் பார்க்க, ஈரக் கையுறையோடு நாற்பது முறை அழுத்துகிறாள். நாற்பது முறையும் ஒற்றை ஐந்தே விழுகிறது. ரூத் சொன்ன வடிவம் அறைக் கதவோடு நின்றுவிடுகிறது. பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். ரூத் கடிகாரத்தைப் பார்த்தார். டெனீஸுக்கு மூணு மணிக்கு ஷிப்டு, வந்துடுவா, அவளையே கேட்டுக்குங்க என்றார்.