மந்திரி ரெண்டு தடவை செருமினார்

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, உண்மையைச் சொல்ல வந்தவனுக்குக்கூடப் படிவமா? பத்து மணிக்கு வந்தேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு அம்மா இருக்காங்களே, ஒவ்வொரு சொல்லையும் ஸ்டாம்பு குத்துற மாதிரியே பேசுறாங்க. "புகார்னா. நீலப் படிவம். மனுன்னா. மஞ்சள் படிவம்." புகாரும் இல்லம்மா, மனுவும் இல்லம்மா, உள்ள விசாரணை நடக்குதுல்ல, அதுல ஒரு விஷயம் சொல்லணும்னேன். "அதுக்கு. படிவம். இல்ல." உக்காருன்னுட்டாங்க. மணி பன்னண்டாச்சு. இந்தப் பெஞ்சுல மூணாவது பலகை குத்துது பாருங்க. உங்களுக்கும் குத்துதா? இப்படித் தள்ளி வாங்க.

நீங்களும் விசாரணைக்கா? ...சரி, சொல்ல வேணாம். ஃபைலை மடியில குழந்தை மாதிரி கட்டிப் புடிச்சிருக்கீங்களே, அதுலயே தெரியுது. நான் பேசுறேன், நீங்க சும்மா இருங்க. எங்க அம்மா சொல்லுவாங்க, "ரேடியோவையாவது திருகி அணைச்சிடலாம், இவனை என்ன பண்றது"ன்னு.

எனக்குக் குரல் வரும் சார். யார் குரல் வேணாலும். போன வருஷம் குரல் உடையுற வரைக்கும் டீச்சருங்க, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, அவ்வளவுதான். உடைஞ்சதும் ஹெட்மாஸ்டர், பஸ் கண்டக்டர், செய்தி வாசிக்கிறவர்னு எல்லாரும் உள்ள வந்து குடியேறிட்டாங்க. ஒரு நாள் பள்ளிக்கூட மைக்ல ஹெட்மாஸ்டர் மாதிரி "இன்று அரை நாள் விடுமுறை"ன்னேன். ஹெட்மாஸ்டரே பையைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டார்.

அது கிடக்கட்டும். நான் எங்க அத்தை விஷயமா வந்தேன். அம்மாவோட தம்பி பொண்டாட்டி, தையல் வேலை. மாமா ஆம்புலன்ஸ் ஓட்டினவர். பக்கத்து நாட்டுல சண்டை வந்தப்போ டிரைவர் வேணும்னு கேட்டாங்க, போனார். வண்டிக் கூரை முழுக்க அடையாளம் வரைஞ்சிருந்துச்சு. வானத்துலேர்ந்து பாத்தாலும் தெரியும். பாத்துட்டுத்தான் சுட்டாங்க. மாமா திரும்பி வரல. சுடச் சொன்ன தளபதி யாருன்னு தெரியும். போர்க்குற்றத்தை விசாரிக்கன்னே சர்வதேச கோர்ட்டு ஒண்ணு இருக்குல்ல, அவங்க பிடிவாரண்டும் போட்டாச்சு. ...தலையாட்டுறீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே.

அந்தத் தளபதி வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்ம ஊருக்கு வரார் சார். எதுக்கு? பல்லு கட்டிக்க. இங்க மலிவாம். நாலு வருஷத்துக்கு முன்னால அத்தை அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் திரை அளவெடுக்கப் போனாங்க. கழுத்துல அளவு நாடாவோட இவங்க ஏணி மேல. கீழ நாற்காலியில வாயைப் பொளந்துகிட்டு அவர். அத்தை ஒண்ணும் பண்ணல. எத்தனை மடிப்புன்னு குறிச்சுகிட்டு, இறங்கி, நேரா போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டருக்குத் தொப்பைக்குள்ளேர்ந்து குரல் வரும்: "அம்மா, அந்தக் கோர்ட்டுல நம்ம நாடு சேரல. சேர்ந்திருந்தா நானே புடிச்சு அனுப்பியாகணும். சேராததால, வந்தா சல்யூட் அடிக்கிறேன்."

அன்னையிலேர்ந்து இந்த ஆபீஸுக்கு மனு. நம்ம அரசாங்கமும் சேரணும், அது ஒண்ணுதான் கோரிக்கை. நாப்பத்தோரு மனு, நாப்பத்தோரு பதில். எல்லாத்துலயும் 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது'. கடைசிப் பதில்ல மட்டும் யாரோ பேனாவால ஓரமா, 'உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்'. அதைப் படிச்சு அத்தை சிரிச்சாங்க. அவங்க சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன் சார். எல்லார் குரலும் வரும், அது மட்டும் எனக்கு வராது.

ஃபோன் பண்ணா ஒரு பிரிவு அதிகாரி எடுப்பார். மூக்கடைச்ச குரல், முடிக்கும்போது ஒரு பெருமூச்சு. கேளுங்க: "சேர வேணாம்னு யாரும் எழுதலம்மா... சேரலாம்னும் எழுதலம்மா... ஃபைல் பத்திரமா இருக்கும்மா... ஹ்ம்." எப்படி? ...சிரிக்கிறீங்களா, இருமுறீங்களா?

வேணாம்னு கையெழுத்துப் போட்டா, கொலைகாரனுக்குக் கதவு திறந்துவிட்டவன்னு பேர் வரும். சரின்னு போட்டா அந்தத் தளபதியோட நாட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்க. ஆளாளுக்குப் பேனாவை மூடி வச்சுட்டாங்க.

அப்புறம் போன மாசம் மந்திரியே அந்த அதிகாரிக்கு ஃபோன் பண்ணார். "க்ஹும்... க்ஹும்... அதாவது பாருங்க, அந்தக் கோர்ட்டு ஃபைலை வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல வைங்க." இந்த ஆபீஸ்ல மந்திரி ஃபோன்ல சொன்னதைப் பதிவேட்டுல எழுதிட்டா அது ஆணை. நாலு வருஷம் அசையாத ஃபைல் மூணு நாள்ல ஏழு மேஜை தாண்டிருச்சு. அத்தைக்குக் காயிதம் வந்துச்சு, 'கூட்டத்தில் வைக்கப்படும்'. தையல் மெஷினை நிறுத்திட்டு, துணியோட தரம் பாக்குற மாதிரி அதைத் தடவித் தடவிப் பாத்தாங்க.

கூட்டத்துல மந்திரி, "இதை யாருய்யா வைக்கச் சொன்னது?" "நீங்கதாங்கய்யா." "நானா?" போச்சு. அதிகாரி பொய்யா எழுதிட்டார்னு இப்போ விசாரணை, அது முடியுற வரைக்கும் ஃபைல் கூட்டத்து மேஜையிலயே கிடக்கு. ஓய்வுக்கு எட்டு மாசம்தான் இருக்காம், அதுக்குள்ள வேலை போயிடும்னு பியூன் அண்ணன் சொல்றார். எனக்கு அந்த ஆள் மேலதான் சார் கோவம். எவனோ செருமினா மந்திரின்னு நம்பிடறதா? திருப்பிக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாரா? கேட்டிருந்தா நான் அன்னைக்கே மாட்டியிருப்பேன், இவ்வளவு தூரம்...

...ஆமா. நான்தான். அப்படிப் பாக்காதீங்க சார். பாத்ரூம் கதவைச் சாத்திகிட்டு எட்டு நாள் பழகினேன். விளையாட்டுக்குத்தான். அவர் "சரிங்கய்யா"ன்னு சொன்னதும் ஃபோனை வச்சுட்டுச் சிரிக்கலாம்னு இருந்தேன். சிரிப்பு வரல.

இப்போ சொன்னா ஃபைல் பழைய அலமாரிக்குப் போயிடும், அத்தை முகத்தை நான் எப்படிப் பாப்பேன்? சொல்லலன்னா, முகம்கூடத் தெரியாத மனுஷன் என்னால வீட்டுக்குப் போவார். நேத்து அத்தைகிட்ட சும்மா கேக்குற மாதிரி கேட்டேன், "செஞ்சவன் வாயே திறக்கலன்னா என்ன பண்றது அத்தை?" நூலைப் பல்லால கடிச்சுகிட்டே சொன்னாங்க, "அதுக்குத்தானேடா நான் கோர்ட்டு கேக்குறேன்."

இருங்க, கூப்பிடுறாங்க. பிரிவு அதிகாரி உள்ள வரணுமாம். எங்க சார் அவர்? இங்க நாம ரெண்டு பேருதானே...

...நீங்களா?

ஐயோ சார். நீங்க ஒரு வார்த்தை பேசியிருந்தா கண்டுபுடிச்சிருப்பேனே. என்ன... என்ன சொன்னீங்க? "மந்திரி டிவியிலதான் செருமுவார் தம்பி. ஃபோன்ல செரும மாட்டார். ஹ்ம்"?

அப்போ அன்னைக்கே தெரியுமா? தெரிஞ்சே பதிவேட்டுல எழுதினீங்களா? ...அந்த நாப்பத்தோராவது பதில், ஓரத்துல பேனா... அதுவும் நீங்களா?

சார், நில்லுங்க. பியூன் அண்ணே, கதவைச் சாத்தாதீங்க, நானும் உள்ள போகணும். பட்டியல்ல என் பேர் இல்லதான். நான்தான் பண்ணேன்னு சொல்லணும். உள்ள மந்திரி இருக்காரா? நல்லதாப் போச்சு. ஃபைல் அலமாரிக்குத் திரும்பணும்னா, சேர வேணாம்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்னு கேக்கணும். இல்லண்ணே, யார் மாதிரியும் பேச மாட்டேன். என் குரல்லதான்.

இருங்க. ஒரே ஒரு தடவை செருமிக்கிறேன்.