குளிரில் சுருங்கிய துப்பாக்கிக் கட்டை

லோரீன்: சோள ரொட்டி மேல மினுமினுன்னு என்ன அது, டெல்பர்ட்?

டெல்பர்ட்: ஸ்க்ரூ. தொடாத. வரிசையா வெச்சிருக்கேன்.

லோரீன்: வெண்ணெயிலயா?

டெல்பர்ட்: வேற இடம் எங்க? மேசை பூரா துப்பாக்கி.

லோரீன்: காலையில பாத்தப்ப ஒரு பம்ப் துப்பாக்கி இருந்துச்சு. இப்ப அது இதுல எங்கன்னு தேட வேண்டியிருக்கு. தோட்டா எடுத்துட்டியா?

டெல்பர்ட்: ரெண்டு தடவை பாத்துட்டேன். காலி. தோட்டா டப்பா மாடியில. என்னை யாருன்னு நெனச்ச?

லோரீன்: முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் வித்தவன்னு நெனச்சேன்.

டெல்பர்ட்: அதனாலதான் சொல்றேன். ஆபத்துன்னா என்னன்னு இந்தப் பள்ளத்தாக்குலயே தெரிஞ்ச ஒரே ஆளு நான். இங்க பாரு... இது டார்ச். இது சிவப்புப் புள்ளி காட்டுற கண்ணாடி. இது பக்கவாட்டுல தோட்டா சொருகிக்கிற தட்டு. பின்னால தோள்ல அணைச்சுக்கிற புது கட்டை. கறுப்பு. பாத்தாலே திருடன்...

லோரீன்: சிரிச்சே செத்துடுவான். இந்த வார் எதுக்கு?

டெல்பர்ட்: எது? அதுவா... அது... அது அங்கயே இருக்கட்டும்.

லோரீன்: தோள்ல மாட்டற வார்தானே? எல்லாத்தையும் மாட்டிட்டு இதை ஏன் விட்ட?

டெல்பர்ட்: கடைசியில மாட்டறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் இருக்கு, லோரீன்.

லோரீன்: நேரத்தைப் பத்தி நீயே ஆரம்பிச்சது நல்லதாப் போச்சு. மூணு மணிக்குத் தீயணைப்புக் கொட்டகையில சுடற போட்டி. நம்ம வண்டி பட்டறையில கெடக்கு, அதனால ரெண்டரைக்கே போட்டியை நடத்தற ஹோபர்ட் என்னைக் கூட்டிட்டுப் போக வந்துடுவாரு. எல்ஜினுக்குத் துப்பாக்கியைக் குடுத்தாகணும்.

டெல்பர்ட்: உன் சித்தப்பா மகனுக்கு ஒரு துப்பாக்கி வாங்க வக்கில்லையா?

லோரீன்: நாலு சனிக்கிழமையா நான்தானே கொண்டுபோயிக் குடுக்கறேன்? சர்ச் பாட்டுப் பயிற்சிக்குப் போற வழியில குடுத்துட்டுப் போறேன். அவனும் ஜெயிச்ச பன்னித்தொடையை நமக்கே குடுத்துடறான். நாலு தொடையும் தின்னப்ப கேள்வி வரலையே?

டெல்பர்ட்: சுட்டது அவன். துப்பாக்கி என்னுது. நியாயமாப் பாத்தா பாதி வெற்றி என்னுது. பாதிக்கு மேலயே சொல்லலாம்...

லோரீன்: இன்னிக்குக் கடைசி ஆட்டம். பரிசு பாதி மாடு. வெட்டிப் பொட்டலம் கட்டிக் குடுக்கறாங்க. குளிர்பெட்டியில இடம் ஒதுக்கிட்டேன் நான். இதையெல்லாம் கழட்டு.

டெல்பர்ட்: எதுக்குக் கழட்டணும்? அட்டையில இருக்கிற புள்ளிக்குக் கிட்டத்துல குண்டு விழணும், அவ்வளவுதானே? கண்ணாடி இருந்தா இன்னும் நல்லா...

லோரீன்: கண்ணாடி, டார்ச், எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. வாசல்லயே ஹோபர்ட் வாங்கிப் பாத்துத் திருப்பி அனுப்பிடுவாரு.

டெல்பர்ட்: அப்படி ஒரு விதியா? எனக்கு யாருமே சொல்லலையே.

லோரீன்: இப்ப நான் சொல்றேன். பழைய கட்டை எங்க?

டெல்பர்ட்: அடுப்பு கிட்ட.

லோரீன்: அடுப்பு கிட்டன்னா...

டெல்பர்ட்: இன்னும் எரிக்கல. ஆனா அது செத்த கட்டை. நான் வாங்கினப்ப என் தோளுக்குக் கச்சிதமா இருந்துச்சு. இப்ப எடுத்து வெச்சுப் பாக்கறேன், ரெண்டு விரல் சின்னதா இருக்கு.

லோரீன்: அப்படியா?

டெல்பர்ட்: குளிர். மரம் சுருங்கும்.

லோரீன்: ரெண்டு விரலா?

டெல்பர்ட்: வால்நட் மரம் சுருங்கும். வீடியோவுல ஒருத்தர் ஒரு மணி நேரம் சொன்னாரு.

லோரீன்: அடிப்பக்கம் மட்டும் சுருங்குமா?

டெல்பர்ட்: குளிர் கீழேருந்துதானே ஏறும்? போதாததுக்கு யாரோ பூப்போட்ட துணியை வேற சுத்தித் தெச்சிருக்காங்க.

லோரீன்: அது... ஈரம் ஏறாம இருக்கட்டும்னு நான்தான் தெச்சேன்.

டெல்பர்ட்: பாத்தியா? ஈரம். நான் சொன்னதும் அதேதான்.

லோரீன்: சரி, முன்பிடியை இழுத்துக் காட்டு.

டெல்பர்ட்: இப்பவா?

லோரீன்: சர்ருன்னு பின்னால வந்து சர்ருன்னு முன்னால போகணும். இழு.

டெல்பர்ட்: போகும்... இரு... புது சாமான் மாட்டினதுல கொஞ்சம்... ம்ம்ம்... வருது...

லோரீன்: உன் மூஞ்சிதான் செவந்து வருது.

டெல்பர்ட்: எண்ணெய் போட்டா சரியாயிடும்.

லோரீன்: நேத்து வரைக்கும் ஓடினதுக்கு இன்னிக்கு எதுக்கு எண்ணெய்? அந்தத் தோட்டாத் தட்டு ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கின?

டெல்பர்ட்: ஒரு ஆம்பளை இறுக்கற அளவு.

லோரீன்: அதான். ரெண்டு பக்கமும் நசுங்கி உள்ள இருக்கிறதைக் கவ்விப் பிடிக்குது. அரைச் சுத்து தளர்த்து.

டெல்பர்ட்: ...உனக்கு எப்படித் தெரியும்?

லோரீன்: எல்ஜின் சொன்னான்.

டெல்பர்ட்: எல்ஜினா? அவனுக்கு ஊறுகாய் பாட்டிலைத் தொறக்கத் தெரியாது...

ஹோபர்ட்: கதவு தொறந்திருந்துச்சு, உள்ள வந்துட்டேன். லோரீன், கிளம்பலாமா? அடடா, டெல்பர்ட்... என்ன இது, காபி மெஷினா?

டெல்பர்ட்: வாங்க தலைவரே. தீயணைப்புக் கொட்டகைக்கே நீங்கதான் தலைவர், நீங்களே சொல்லுங்க. எல்ஜின் இதை வெச்சே சுடலாமா, கூடாதா?

ஹோபர்ட்: எல்ஜினா? அவன் கோடையிலயே ஒஹையோவுக்குக் குடி போயிட்டானே. டயர் கடையில வேலை. போன வாரம்கூடப் போன்ல...

லோரீன்: ஹோபர்ட்.

ஹோபர்ட்: ...அதாவது, நான் சொன்னது வேற எல்ஜின்.

டெல்பர்ட்: இந்த ஊர்ல இருக்கிறதே ஒரு எல்ஜின்.

ஹோபர்ட்: நான் வண்டியில உக்காந்திருக்கேன்.

டெல்பர்ட்: அங்கயே நில்லுங்க. லோரீன், நாலு வாரமா என் துப்பாக்கியை வெச்சு யார் சுட்டது?

லோரீன்: நான்தான்.

டெல்பர்ட்: பாட்டுப் பயிற்சி?

லோரீன்: பாடற கூட்டத்துல பாதி அங்கதான் வரிசையில நிக்குது. பாதிரியாரோட பொண்டாட்டி ரெண்டாவது எடம்.

டெல்பர்ட்: அப்ப அந்தக் கட்டை...

லோரீன்: சுருங்கல. கொட்டகையில வெச்சு ரம்பத்தால நான்தான் அறுத்தேன், என் கைக்கு எட்டற மாதிரி. பூத்துணி என் தோளுக்கு. துப்பாக்கி உதைக்குது.

டெல்பர்ட்: ஊருக்கெல்லாம் தெரியுமா?

ஹோபர்ட்: உன்னைத் தவிர...

டெல்பர்ட்: நல்லாயிருக்கு! ஒரே மேசையில உக்காந்து, ஒரே பன்னித்தொடையைத் தின்னுட்டு, வாரா வாரம் பொய். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாம முப்பது வருஷம் தொழில் பண்ணினவன். இந்த வீட்டுல உண்மைன்னு ஒண்ணுக்கு...

ஹோபர்ட்: உண்மைன்னதும்தான் ஞாபகம் வருது. பக்கத்து ஊரு ஓக் ஃபோர்க் காபிக் கடையிலேருந்து ஒரு கூட்டம் வந்து எறங்கியிருக்கு. முன்வரிசை நாற்காலி அத்தனையும் பிடிச்சுட்டாங்க. கையில துணி வேற. 'நாலு தொடை ஜெயிச்ச டெல்பர்ட்'னு பெருசா எழுதி.

லோரீன்: ...எந்த டெல்பர்ட்?

ஹோபர்ட்: அதான் நானும் கேட்டேன். இன்ஷூரன்ஸ் டெல்பர்ட்னாங்க.

லோரீன்: டெல்பர்ட்?

டெல்பர்ட்: ஸ்க்ரூ ஒண்ணு கீழ விழுந்துடுச்சு.

லோரீன்: மேசைக்கு அடியிலேருந்து வெளிய வா.

டெல்பர்ட்: சின்ன ஸ்க்ரூ... தேடணும்...

லோரீன்: நான் ஜெயிச்சதை நீ ஜெயிச்சதாச் சொன்னியா?

டெல்பர்ட்: எல்ஜின் ஜெயிச்சதை. அவன் என்ன கோவிச்சுக்கப் போறானா? முதல் வாரம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அடுத்த வாரம் அவங்களே காபி வாங்கிக் குடுத்தாங்க. மூணாவது வாரம் என் நாற்காலியில வேற யாரையும் உக்கார விடல...

ஹோபர்ட்: ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. புதன்கிழமை தீவனக் கடையில விதியை அவ்வளவு தெளிவாச் சொன்னேன். நீ ரெண்டு தடவை கேட்ட. 'ஒண்ணு ஒட்டியிருந்தாலும் கண்டிப்பாத் திருப்பி அனுப்பிடுவீங்களா'ன்னு. தெரிஞ்சுக்கிட்டே இவ்வளவையும் ஏன் மாட்டின?

லோரீன்: ஓ... யாரும் சொல்லலைன்னியே. அப்ப இது வீட்டுப் பாதுகாப்புக்கு இல்ல.

டெல்பர்ட்: ஒரு வகையில பாதுகாப்புதான். நான் சுடறதைப் பாக்க இன்னிக்கு வரோம்னு காபிக் கடையில சொல்லிட்டாங்க. நானே எடுத்துட்டு வரேன், வாசல்ல இவரு திருப்பி அனுப்புவாரு, 'ஆகா, விதி இப்படிப் பண்ணிடுச்சே'ன்னு எல்லார் முன்னாலயும் வருத்தப்பட்டுட்டு வந்துடலாம்னு... முன்பிடி மாட்டிக்கிட்டது மட்டும் சத்தியமாத் தெரியாம நடந்தது.

லோரீன்: நகரு. அந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடு. ஹோபர்ட், அடுப்பு கிட்ட கட்டை கெடக்கும், எடுங்க. இதோ, தட்டு போச்சு... கண்ணாடி போச்சு... டார்ச்சைப் பிடி, கோழிக் கூண்டுக்கு ஆகும். கேக்குதா? சர்ருன்னு போகுது பாரு.

ஹோபர்ட்: போகுது.

லோரீன்: நான் சுடப் போறேன். நீயும் வர்ற. அந்த முன்வரிசையில, அந்தத் துணிக்குப் பக்கத்துல உக்காரப் போற.

ஹோபர்ட்: நீ ஏன் சுடலன்னு கேட்டா என்ன சொல்லுவ, டெல்பர்ட்? துப்பாக்கி மேல இப்ப பழி போட முடியாதே.

லோரீன்: எதையாவது சொல்லட்டும், முப்பது வருஷம் தொழில் பண்ணின வாய்தானே? எல்லாம் கழட்டியாச்சு. இந்த வார் மட்டும்தான் மிச்சம். இதைத் துப்பாக்கியில எங்கதான் மாட்டறதா இருந்த?

டெல்பர்ட்: அது துப்பாக்கிக்கு வாங்கினது இல்ல, லோரீன். விதி கைவிட்டுட்டா, சுளுக்குன்னு சொல்லி என் வலது கையைத் தொங்கப் போட்டுக்க வாங்கினது.