சம்பந்திக்கு ஒரு பஞ்சுப் போர்வை

மாமியார்: மெதுவாப் பேசு. சம்பந்தியம்மா ஹால்லதான் உட்கார்ந்திருக்காங்க.

மருமகள்: காபி கொடுத்துட்டுத்தான் வந்தேன் அத்தை. அவங்க ஊதி ஊதிக் குடிச்சு முடிக்கக் கால் மணி நேரமாகும்.

மாமியார்: அதுக்குள்ள மடிச்சுப் பையில வைக்கணும். எங்க, கொண்டா பார்ப்போம்... அட! கை வலிக்குது, இவ்வளவு கனமா!

மருமகள்: பஞ்சுப் போர்வைன்னா கனமாத்தானே இருக்கும்.

மாமியார்: உள்பஞ்சுக்கு நான் கொடுத்த காசுக்கு இவ்வளவு கனம் வராதே...

மருமகள்: அது... தள்ளுபடி அத்தை.

மாமியார்: எந்தக் கடையில?

மருமகள்: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மெத்தைக் கடை. கடைக்காரர் முதல்ல கையில இருந்த காசைப் பார்த்துட்டு, ‘தலையணைக்காம்மா?’ன்னார். போர்வைக்குன்னேன். ‘பொம்மைக்கா?’ன்னார்.

மாமியார்: வாய்க்கொழுப்பு! நீ என்ன சொன்ன?

மருமகள்: சம்பந்தி வீட்டுக்குன்னேன். ‘அதை முதல்லயே சொல்லக் கூடாதா’ன்னு உள்ளே போய், இருக்கிறதுலயே மட்டமான சரக்கை எடுத்துட்டு வந்தார்.

மாமியார்: விவரமான ஆளு. அதையே வாங்க வேண்டியதுதானே?

மருமகள்: பாலியஸ்டர் பஞ்சு அத்தை அது. பார்க்கப் புசுபுசுன்னு இருக்கும். ரெண்டு தடவை துவைச்சா மொத்தமும் உருண்டு ஒரு மூலையில போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் காலுக்கு மூட்டை, நெஞ்சுக்கு வெறும் துணி.

மாமியார்: ரெண்டு தடவை துவைக்கிறதுக்குள்ள எவ்வளவோ நடக்கும்... வேற என்ன காட்டினார்?

மருமகள்: பருத்திப் பஞ்சு, கனமான விரிப்பு மாதிரி சுருளா வருது. நகராது, உருளாது. விலை கேட்டேன்.

மாமியார்: எவ்வளவாம்?

மருமகள்: கேட்டதோட சரி, வெச்ச இடத்துலயே வெச்சுட்டேன்.

மாமியார்: பாதி அது, பாதி இது... கலப்புப் பஞ்சு இருக்குமே?

மருமகள்: இருக்கு. எவ்வளவு பருத்தின்னு கேட்டா, ‘பில்லுல பாதிம்மா, பஞ்சுல கேட்காதீங்க’ங்கிறார்.

மாமியார்: வெட்டி மீந்த துண்டு துக்கடா எதுவும்...

மருமகள்: அதையும் கேட்டாச்சு. எல்லாத்தையும் ஒட்டுப் போட்டா ஒரு ஆளுக்கு வரும்னார். சம்பந்தியம்மா ஒரு ஆளா அத்தை?

மாமியார்: ஷ்ஷ்! சிரிக்காத... எனக்கும் சிரிப்பு வருது.

மருமகள்: எல்லாம் இந்தச் சாட்டின் மேல்துணியால வந்த வினை. சாட்டின்தான் வேணும், அதுவும் வெண்ணெய் நிறம்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க. பட்ஜெட்டுல முக்கால்வாசி அதுக்கே போயிடுச்சு.

மாமியார்: அவங்க வீட்டுக்கு வர்றவங்க மேலே தடவிப் பார்த்து ‘யார் கொடுத்தது’ன்னு கேட்பாங்களா, பிரிச்சுப் பார்த்துக் கேட்பாங்களா?

மருமகள்: ஒண்ணு கேட்கவா? கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு. எங்க அம்மா அப்பாவுக்கு நீங்க ஒரு கைக்குட்டை கொடுத்துப் பார்த்ததில்லை. இவங்களுக்கு மட்டும் எதுக்குப் போர்வை?

மாமியார்: என் பொண்ணு வாழப்போன வீடும்மா. ‘குளிருது, குளிருது’ன்னு அந்தம்மா ரெண்டு வருஷமாப் புலம்புறாங்களாம். அவ போன்ல சொல்லும்போதெல்லாம் எனக்கு... மனசு கேட்கலை.

மருமகள்: யாருக்கு, உங்களுக்கா?

மாமியார்: வாயைக் குறை. அந்த முனையைப் பிடி. ஜன்னல் வெளிச்சத்துல அழுக்கு கிழுக்கு இருக்கான்னு பார்த்துடுவோம்.

மருமகள்: ஜன்னல் எதுக்கு அத்தை... நான் பார்த்துட்டேன். மடிச்சுடலாம், நேரமாச்சு.

மாமியார்: பிடின்னா பிடி! தூக்கு... இன்னும் தூக்கு... ஏய், இது என்ன, உள்ளே கட்டம் கட்டமாத் தெரியுது?

மருமகள்: தையல் அத்தை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தையல் ஓட்டலைன்னா பஞ்சு...

மாமியார்: தையல் எது, கட்டம் எதுன்னு எனக்குத் தெரியாதா? சிவப்பு இருக்கு, பச்சை இருக்கு... பஞ்சு எந்த ஊர்ல சிவப்பு பச்சையா விளையுது?

மருமகள்: கையை எடுங்க அத்தை, நான் மடிக்கிறேன்.

மாமியார்: அந்த ஆளு ஏமாத்திட்டான்! பழந்துணியைப் பஞ்சுன்னு கட்டிக் கொடுத்திருக்கான். எடு என் செருப்பை. இப்பவே போய் நாலு கேள்வி...

மருமகள்: பாவம், அவரைத் திட்டாதீங்க. நான் அங்கே பஞ்சே வாங்கலை.

மாமியார்: அப்போ அந்தக் காசு?

மருமகள்: சாட்டின் அரை மீட்டர் பத்தலை. அதுக்குப் போயிடுச்சு. அப்போ கடைக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். ‘வீட்டுல பழைய கம்பளி இருந்தா நடுவுல வெச்சுத் தைச்சுடுங்கம்மா, எந்தப் பஞ்சும் அதுகிட்ட நிக்காது. ஆனா ஒண்ணு, வெளிர் துணிக்கு உள்ளே கலர் கம்பளி வைக்காதீங்க, வெளிச்சத்துல காட்டிக் கொடுத்துடும்’னார். முதல் பாதியைக் கேட்டதுமே நான் சந்தோஷத்துல கிளம்பிட்டேன். பின்பாதி சரியாக் காதுல ஏறலை.

மாமியார்: பழைய கம்பளி நம்ம வீட்டுல ஏது? இருக்கிறதே ஒண்ணு. அதுவும் என் பெட்டியில, பூட்டி...

மருமகள்: சாவி காலண்டருக்குப் பின்னாடி தொங்குது அத்தை.

மாமியார்: அடிப்பாவி!

மருமகள்: கோவிச்சுக்காதீங்க. உங்க தம்பி குளிர் ஊர்லேருந்து அனுப்பினார்னு சொன்னீங்களே ஒழிய, ஒரு நாளாவது போர்த்தியிருக்கீங்களா? போன குளிருக்குக்கூட ரெண்டு சேலையைச் சுத்திக்கிட்டு நடுங்கினீங்க. பிடிக்கலை போலிருக்குன்னு நினைச்சேன். வேற வாங்கித் தரேன், சத்தியமா.

மாமியார்: பிடிக்காமலா! போர்த்தினா உன் நாத்தனார் வர்றப்ப பார்த்துடுவாளே!

மருமகள்: பார்த்தா என்ன? அவங்க மாமா அனுப்பின கம்பளிதானே?

மாமியார்: முதல்ல அந்தக் கதவைச் சாத்து.

மருமகள்: அத்தை?

மாமியார்: அவனாவது அனுப்புறதாவது... ஒரு கடுதாசிகூடப் போட்டதில்லை அவன். உன் நாத்தனாருக்குப் பிரசவமானப்ப நான் அங்கே போய் ஒரு மாசம் இருந்தேன்ல?

மருமகள்: ஆமா.

மாமியார்: ‘நீங்க நடுங்குறீங்களே’ன்னு சம்பந்தியம்மா தன்னோட கம்பளியை எடுத்துக் கொடுத்தாங்க. கிளம்புற அன்னிக்கு... சேலையோட சேலையா... தெரியாம பையில வந்துடுச்சு.

மருமகள்: தெரியாமலா? ரெட்டைக் கட்டில் கம்பளி அத்தை அது!

மாமியார்: சரி, தெரிஞ்சுதான்! போதுமா? பொறந்ததுலேருந்து அப்படி ஒரு சுகமான தூக்கம் நான் தூங்கினதில்லைம்மா. கொண்டு வந்த மறுநாளே பயம் பிடிச்சுக்கிச்சு. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை, போர்த்திக்கவும் வழியில்லை. அங்கே என்னடான்னா, பாத்திரம் தேய்க்கிற பொண்ணுதான் எடுத்திருப்பான்னு வேலையை விட்டே நிறுத்திட்டாங்களாம்.

மருமகள்: ஐயோ, பாவம்!

மாமியார்: பாவம்தான். நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை. அதான், புதுசா ஒண்ணு கொடுத்துட்டா மனசு ஆறும்னு பார்த்தேன். நீ என்னடான்னா அவங்க கம்பளியையே உள்ளே வெச்சுத் தைச்சு, பரிசுன்னு என் கையில கொடுக்கிற!

மருமகள்: எனக்கு எப்படித் தெரியும்? நீங்க தம்பின்னீங்க, நான் நம்பினேன்.

மாமியார்: அந்தம்மா இதைப் பார்த்தாங்கன்னா என் பொண்ணு அந்த வீட்டுல எந்த முகத்தோட நடமாடுவா? திருடி பெத்த பொண்ணுன்னு ஆயுசுக்கும் குத்திக் காட்டுவாங்களே!

மருமகள்: அழாதீங்க அத்தை. தையல் பாக்கி இருக்கு, அடுத்த வாரம் அனுப்புறோம்னு சொல்லிடுவோம். அதுக்குள்ள நான் பிரிச்சு வேற பஞ்சு வெச்சுடுறேன். என் தோட்டை வித்தாவது பருத்திப் பஞ்சே வாங்கிடுறேன்.

மாமியார்: கட்டிலுக்கு அடியில தள்ளு. காலால தள்ளு, சீக்கிரம்!

சம்பந்தி: என்ன, மாமியாரும் மருமகளும் கதவைச் சாத்திக்கிட்டு ரகசியம்? எனக்கு அங்கே பேச ஆளில்லை.

மாமியார்: வாங்க சம்பந்தி, வாங்க... ஒண்ணுமில்லை, போர்வையில கொஞ்சம் தையல் பாக்கி, அதான்...

சம்பந்தி: இதோ பாதி வெளியே கிடக்கே! அட, சாட்டினா? எனக்குப் போய் எதுக்கு இவ்வளவு செலவு... கொடுங்க, கொடுங்க.

மருமகள்: வேணாம்மா, ஊசி இருக்கு, குத்திடும்!

சம்பந்தி: குத்தினா குத்தட்டும். அம்மாடி, என்ன கனம்! அந்துருண்டை வாசனை வேற வருது... கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்துல கலரைப் பார்க்கிறேன்.

மாமியார்: கண்ணு கூசும் சம்பந்தி! ஏம்மா, திரையை இழுத்து விடு!

சம்பந்தி: இரு, திரையைத் தொடாதே.

மாமியார்: சம்பந்தி?

சம்பந்தி: சிவப்பு... பச்சை... நடுவுல மஞ்சள் கோடு.

மருமகள்: அது வந்தும்மா... இப்பல்லாம் கடையில கலர் பஞ்சு...

சம்பந்தி: நீ சும்மா இரு. இது என்னன்னு எனக்குத் தெரியாதா?

மாமியார்: என்னை என்ன வேணாலும் திட்டுங்க. என் பொண்ணுக்கு எதுவும் தெரியாது சம்பந்தி, அவளை ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. நீங்க வேலையை விட்டு நிறுத்தின பொண்ணுகிட்ட நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நானே...

சம்பந்தி: ஐயையோ, அவரைக் கூப்பிடாதீங்க! வாசல்லதான் வண்டியைத் துடைச்சுக்கிட்டிருக்கார். மெதுவா, மெதுவா... ஏம்மா, தைச்சது நீதானே? ஒரு மூலையில நான் நீலத் துணியில ஒட்டுப் போட்டு வெச்சிருந்தேன். அதைப் பிரிச்சியா?

மருமகள்: இல்லைம்மா... அப்படியேதான் உள்ளே வெச்சுத் தைச்சேன்.

சம்பந்தி: நல்லவேளை. அந்த மூலையை மட்டும் இப்பவே பிரிச்சு, ஒட்டோட வெட்டி அடுப்புல போட்டுடு கண்ணு. அதுக்கடியில லாட்ஜ் பேரு இருக்கு... ரூமைக் காலி பண்ணின அன்னிக்கு நான் இதைத் தூக்கிட்டு வந்தது, அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.