எது இருக்கோ அது வா

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த இளைஞர் திடீரென்று சொன்னார்: "கம்ப்யூட்டர்ல கடிதம் அடிக்கிற வேர்டைப் பேர் மட்டும் சொல்லிக் கூப்பிட்டதுதாங்க தப்பு."

அவர் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். பக்கத்திலிருந்தவர் கம்ப்யூட்டர் கிளாசில் கூடப் படித்தவராம்.

"சொல்லாம லீவு போட்டவங்களுக்குக் கடிதத்தை வேர்டே அடிக்கிற மாதிரி கிளாஸ்ல புரோகிராம் எழுதினேன். அது அங்க இருக்கிற புது வேர்டைத்தான் கேட்டுச்சு. ஆபீஸ்ல இருந்தது பழசு. அதனால லேட் பைண்டிங் போட்டேன். புரோகிராம் ஓடுற நேரத்துல, புதுசா பழசான்னு பார்க்காம வேர்டுன்னு பேரை மட்டும் சொல்லி, 'எது இருக்கோ அது வா'ன்னு கூப்பிடும்."

"காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்த ஆளை வச்சு வேலையை ஓட்டுற மாதிரி."

"அதேதாங்க. மேனேஜர் தொரைக்கு முன்னுக்கு ஓடவிட்டா, ஆபீஸ்ல வேர்டே இல்ல. கம்ப்யூட்டர்ல இடம் பத்தலைன்னு பெரிய கிளாக்கரய்யா முதல் நாளே அழிச்சிட்டாரு."

"வேர்டு இல்லைன்னு புரோகிராம் முன்கூட்டியே சொல்லாதா?"

"லேட் பைண்டிங்ல ஓடுனாத்தான் தெரியும்."

"தொரை ஏசினாரா?"

"இல்லைங்க. பழைய டைப்ரைட்டரைக் காட்டி, 'ஆபீஸ்ல யாரு இருக்கீங்களோ அவங்க அடிங்க'ன்னுட்டுப் போயிட்டாரு."

"யாரு இருந்தாங்க?"

கிளாக்கர் விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"நான் மட்டுந்தாங்க."