மூடியில்லாத பாட்டில்

இல்லண்ணா, அந்த மூலைல வேண்டாம். பாத்ரூம் கதவு திறந்தா கேமராவ மறைச்சிரும். இப்படி, ட்யூப்லைட்டுக்குப் பக்கத்துல போட்டீங்கன்னா கட்டில்ல இருந்து பாத்ரூம் வாசல் வரைக்கும் தெரியும்.

அப்பாவா? சலூனுக்குப் போயிருக்காரு, எதிர்வீட்டு மாமா கூட. வர எப்படியும் அரை மணி ஆகும், அதுக்குள்ள மாட்டிரலாமில்ல? அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா துண்டப் போட்டு மூடிருவாரு, இல்லன்னா நாள் பூரா அட்டென்ஷன்ல நிப்பாரு. முப்பது வருஷம் டிரில் மாஸ்டர்ணா. விசில் இன்னும் ஆணியில தொங்குது பாருங்க.

எதுக்கு கேமராவா? விழறாருண்ணா. ரெண்டு மாசத்துல மூணு தடவ. எப்படிப்பா விழுந்தீங்கன்னு கேட்டா, விழவே இல்லங்கறாரு. சும்மா தரையில உக்காந்தாராம். நெத்தியில நாலு தையல் போட்டுக்கிட்டு சும்மா உக்காந்தாராம்! டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துட்டாரு, ஒண்ணும் சிக்கல. எப்படி விழறாருன்னு ஒரு தடவ பாத்தா தேவலங்கறாரு. அதான் உங்களுக்கு போன் போட்டேன்.

நான் இந்த ஊர்ல இல்லண்ணா. ரயில்ல ஆறு மணி நேரம். அடுத்த மாசத்துல இருந்து ஆபீஸ்ல ஆறு பேருக்கு நான்தான் லீடு, ஏழு வருஷமா காத்திருந்து கிடைச்சது. இங்க வந்து உக்கார முடியுமா சொல்லுங்க.

என்ன வேலையா? சொன்னா ஏணிய விட்டு இறங்கி ஓடிருவீங்க. சரி, நீங்களும் வயர் இழுக்கறவரு, நானும் வயர் இழுக்கறவ. என்ன, என் வயர் கண்ணுக்குத் தெரியாது. சிப்பு இருக்குல்ல... ஆங், அதேதான், கருப்பா, சதுரமா. அதுல ஒரு வகை வெறும் சிலேட்டு மாதிரி வரும். உள்ள எந்த வயர் எங்க போகணும்னு நாமதான் எழுதி இறக்கணும். பிடிக்கலன்னா அழிச்சுட்டு வேற மாதிரி எழுதி இறக்கிக்கலாம்.

தப்பு வந்தாவா? அப்படிக் கேளுங்க. உங்க வயரா இருந்தா டெஸ்டர வெச்சுப் பாப்பீங்க, லைட் எரியுதா இல்லையா, முடிஞ்சது. எங்களுக்கு நகத்தளவு இடத்துல லட்சம் வயர். எங்க கொண்டு போய் டெஸ்டர வெக்கறது? அதனால சிப்புக்குள்ளயே ஒரு வேவுக்காரன எழுதி உக்கார வெச்சிருவோம். புரோப்னு பேரு. சந்தேகமா இருக்கற நாலு வயர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, தப்பு நடக்கற நேரத்துல யாரு என்ன பண்ணாங்கன்னு குறிச்சு வெச்சுக்கும். அப்புறமா நாம எடுத்துப் படிச்சுக்கலாம். உங்க கேமரா மாதிரியேதான்.

அந்த ஸ்க்ரூ டைட்டா இருக்கா? சரி சரி, உங்க வேலை உங்களுக்குத் தெரியும்.

ஒரு பாட்டில் கம்பெனிக்கு மெஷின் பண்ணோம்ணா. பாட்டில் வரிசையா வரும், மெஷின் மூடி போட்டு அனுப்பும். எங்க சிப்புதான் அதுக்கு மூளை. எல்லாம் ஜோரா ஓடும், திடீர்னு ஒரு பாட்டில் மூடியில்லாம மொட்டத் தலையோட போகும். ஒரு நாளைக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. ஏன்னு யாருக்கும் தெரியல. சரின்னு புரோப்ப உள்ள வெச்சேன். ஒரு வாரம் மெஷின் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்தேன். ஒரு பாட்டிலாவது தப்பணுமே! ம்ஹூம். பரீட்சை ஹால்ல வாத்தியார் நுழைஞ்ச மாதிரி அவ்ளோ ஒழுங்கு.

பேயெல்லாம் இல்லண்ணா. சிப்புக்குள்ள இருக்கறதே கொஞ்சம் இடம். புதுசா ஒருத்தன் வந்து உக்காந்தா மத்த வயரெல்லாம் நகர்ந்து, சுத்திப் போகும். ஒரு சிக்னல் துளி முன்னாடி வரும், இன்னொண்ணு துளி பின்னாடி வரும். அந்தத் துளி வித்தியாசத்துல தப்பு காணாமப் போயிரும். எந்த வயர்ல இருந்ததுன்னு கேட்டா, தெரியாது.

அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் கூத்து. எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதி, கஸ்டமருக்குப் போறது சுத்தமா இருக்கணும். சாரத்தப் பிரிச்சுட்டுத்தான வீட்ட ஒப்படைப்பாங்க, அந்த மாதிரி. ஒரு வாரமா தப்பே இல்லையே, சரியாயிருச்சு போலன்னு புரோப்ப எடுத்துட்டு, சுத்தமா எழுதி அனுப்பி வெச்சேன். மூணாம் நாள் போன் வருது. மேடம், மொட்டத் தலை வந்திருச்சு மேடம்.

சிரிக்காதீங்கண்ணா, ஏணி ஆடுது.

இங்கயும் அதே கதைதான். மொத தடவ விழுந்தப்ப லீவு போட்டுட்டு ஓடி வந்தேன், ரெண்டு வாரம் இருந்தேன். மனுஷன் ஜம்முனு இருந்தாரு. காலைல நடை, வேளைக்கு மாத்திரை, மத்த நேரம் என் கூட சண்டை. சரியாயிருச்சுப்பா, கிளம்பறேன்னு பெட்டியத் தூக்கிட்டுப் போனேன். மூணாம் நாள் எதிர்வீட்டு மாமா போன் பண்றாரு, நெத்தி உடைஞ்சிருச்சுன்னு. திரும்ப வந்தேன், பத்து நாள் இருந்தேன், ஒண்ணும் இல்ல. போனேன், விழுந்துட்டாரு. இந்தத் தடவ வர்றப்ப ரயில்ல ஆறு மணி நேரமும் அழுதுட்டேதான்ணா வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பாவம், பயந்து போயி தண்ணி பாட்டில நீட்டினாங்க. நல்லவேளை, மூடி இருந்துச்சு.

ஆச்சா? இருங்க, போன்ல பாக்கறேன். அட, விசில் கூடத் தெளிவாத் தெரியுதே! விழுந்தா போன் மணி அடிக்குமா? பரவால்லையே.

அடிச்சதும் நானா? நான்... அங்கதான் இருப்பேன். ஆமாண்ணா, ஆறு மணி நேரம். அவரு கீழ கிடக்கறத பாத்துட்டு இருக்கலாம், அவ்ளோதான்.

எது, அந்த மெஷினா? இன்னைக்கும் ஓடுதுண்ணா, மூணு வருஷமா. ஒரு மொட்டத் தலை கிடையாது. காரணமெல்லாம் கண்டுபிடிக்கல. ரெண்டு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். கடைசில எங்க மேனேஜர், ஏம்மா, அது உள்ள இருந்தா நல்லாத்தான ஓடுது, இருந்துட்டுப் போகட்டுமேன்னாரு. புரோப்ப திரும்ப உள்ள வெச்சு அனுப்பிட்டேன். அது குறிச்சு வெக்கறத ஒருத்தரும் படிக்கறதில்ல. சும்மா உக்காந்திருக்கு.

படியில சத்தம் கேக்குதா? அவருதான். நான் வீட்டுல இருக்கேன்னு தெரியும்ல, அதான் பரேடு மாதிரி நடை.

அண்ணா, கோச்சுக்காதீங்க, அதக் கழட்டிருங்க. சேச்சே, உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. இந்த ஊருக்கே வந்துடறேன்னு மேனேஜருக்குக் காலைலயே மெயில் அடிச்சு வெச்சேன், அனுப்பத்தான் கை வரல. இதோ, அனுப்பிட்டேன். சிப்பு மாட்டற போர்டும் கம்ப்யூட்டரும் இங்க வந்துட்டா இங்க இருந்தே வேலை பாத்துக்கலாம். லீடா? வேற யாராவது இருந்துட்டுப் போறாங்க.

ஏணிய மடிக்கறதுக்கு முன்னாடி ஒரு உதவிண்ணா. பரண்ல ஒரு மடக்குக் கட்டில் கிடக்கு, கொஞ்சம் இறக்கிக் குடுங்க. இந்த வாசலுக்குப் பக்கத்துல போட்டுக்கறேன்.